ஏர் சஸ்பென்ஷன் என்று சொல்லி விற்ற ஆர்.எஸ்.6: பழைய எஸ்டேட் கார் வாங்குவோர் கவனத்துக்கு

இங்கிலாந்தில் பழைய ஆடி ஆர்.எஸ்.6 அவந்த் (பின்பக்கம் நீண்டு டிக்கி பெரிதாக இருக்கும் எஸ்டேட் கார்) தேடிக்கொண்டிருப்பவர்கள் யாராவது இதைப் பார்த்தால், டெபாசிட் கட்டும் முன் ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள். விளம்பரத்தில் போட்டிருக்கும் ஆப்ஷன் பட்டியலை நம்பாதீர்கள். டீலர் மின்னஞ்சலில் "ஆமாம், இருக்கிறது" என்று எழுதிக் கொடுத்தாலும் நம்பாதீர்கள். ஆனால் அந்த மின்னஞ்சலை மட்டும் அழிக்காமல் வைத்திருங்கள். எனக்குப் பணம் திரும்பி வந்ததே அதனால்தான்.

நான் வாங்கியது 2016 மாடல். 4 லிட்டர் வி8, இரண்டு டர்போ, 560 குதிரைத்திறன், 565 லிட்டர் டிக்கி. வேகமும் வேண்டும், குடும்பமும் சாமானும் ஏற வேண்டும் என்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான வண்டி குறைவு. என் வீட்டில் மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா. அம்மாவுக்கு முதுகுத்தண்டில் அறுவை சிகிச்சை ஆனது. பின்னிருக்கையில் உட்கார்ந்து லண்டனிலிருந்து மான்செஸ்டரில் இருக்கும் தங்கை வீட்டுக்கு அடிக்கடி போய்வருவார். அதனால் வண்டி தேட ஆரம்பித்தபோதே என் முதல் நிபந்தனை ஏர் சஸ்பென்ஷன். நிறம், சீட்டு, பாட்டுப்பெட்டி எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

இந்த மாடலில் இரண்டு வகை சஸ்பென்ஷன் உண்டு. வழக்கமாக வருவது ஏர் சஸ்பென்ஷன். ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்று நிரப்பிய ரப்பர் பைகள் இருக்கும். டிக்கி நிறையச் சாமானும் பின்னால் மூன்று பேரும் ஏறினால்கூட, கம்ப்ரசர் காற்றை ஏற்றி வண்டியின் உயரத்தைச் சமமாக வைத்துக்கொள்ளும். பின்பக்கம் தாழாது.

இன்னொன்று, முதல் ஆள் புதிதாக ஆர்டர் செய்யும்போது கூடுதல் பணம் கட்டி எடுக்கும் டி.ஆர்.சி (டைனமிக் ரைடு கன்ட்ரோல்). இது ஸ்டீல் ஸ்பிரிங். இதில் முன் இடது ஷாக் அப்சார்பரைப் பின் வலதோடும், முன் வலதைப் பின் இடதோடும் எண்ணெய்க் குழாய் வழியாகக் குறுக்காக இணைத்திருப்பார்கள். நடுவில் ஒரு வால்வு. வளைவில் வண்டி சாயப் பார்க்கும்போது அந்த எண்ணெய் அழுத்தமே சாய்வைத் தடுக்கும். தனியாக மலைப்பாதையில் விரட்டி ஓட்டுகிறவருக்கு இது அருமையான ஏற்பாடு, அதில் சந்தேகமே இல்லை. முதுகு வலியோடு பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கு அப்படி இல்லை.

இன்னொரு விஷயமும் உண்டு. பழைய வண்டியில் ஒரு மூலையில் ஷாக் அப்சார்பர் கசிய ஆரம்பித்தால், அதோடு குறுக்காக இணைந்திருக்கும் எதிர் மூலையும் அழுத்தத்தை இழக்கும். ஒன்றை மட்டும் கழற்றி மாட்டினால் வேலை முடியாது. அந்தக் குழாய் முழுவதையும் வெற்றிடமாக்கி, அழுத்தத்தோடு எண்ணெய் நிரப்ப வேண்டும். அதற்கான கருவி சாதாரண ஒர்க்‌ஷாப்பில் இருக்காது. செலவு ஆயிரக்கணக்கான பவுண்டில் போகும். இதற்குப் பயந்தே பலர் அதைக் கழற்றிவிட்டு வேறு நிறுவனத்தின் காயில்ஓவர் செட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாக வருவது) மாட்டிக்கொள்கிறார்கள்.

இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும். தெரிந்ததால்தான் டீலரிடம் எழுத்தில் கேட்டேன். விளம்பரத்தில் ஏர் சஸ்பென்ஷன், பாங் அண்ட் ஒலுஃப்சன் ஸ்பீக்கர், 21 இன்ச் வீல், பின்னிருக்கைப் பக்கவாட்டு ஏர்பேக் என்று வரிசையாகப் போட்டிருந்தார்கள். "டி.ஆர்.சி இல்லை, ஏர்தான் என்று உறுதி செய்யுங்கள்" என்று மின்னஞ்சல் போட்டேன். "ஏர்தான், உறுதி" என்று பதில் வந்தது.

எம்.ஓ.டி எனப்படும் வருடாந்தர வாகனத் தகுதிச் சோதனையின் வரலாறு அரசு இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும், வண்டி எண்ணைப் போட்டால் போதும். அதில் முந்தைய வருடச் சோதனையில், முன் இடது ஷாக் அப்சார்பரில் லேசான எண்ணெய்க் கசிவு என்று ஒரு குறிப்பு இருந்தது. ஏர் சஸ்பென்ஷன் வண்டியிலும் ஷாக் அப்சார்பர் உண்டு என்பதால் அதை வைத்து எது எந்த வகை என்று சொல்ல முடியாது. அதைப் பற்றியும் எழுதிக் கேட்டேன். "முன்பக்கம் இரண்டும் மாற்றியாயிற்று" என்றார்கள். பில் கேட்டேன். வண்டி எடுக்க வரும்போது ஃபைலில் இருக்கும் என்றார்கள்.

ஓட்டிப் பார்க்கக் கொடுத்த வழி, ஷோரூம் பக்கத்தில் புதிதாகத் தார் போட்ட பைபாஸ். மோடு கம்ஃபர்ட். திரையைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாமே என்று கேட்பீர்கள். இரண்டு வகையிலும் கம்ஃபர்ட், டைனமிக் என்று தேர்ந்தெடுக்கும் வசதி உண்டு. புதுத்தாரில் எந்த வண்டியும் மெத்தென்றுதான் போகும். பாங் அண்ட் ஒலுஃப்சன் இருந்தது, போட்டவுடன் டாஷ்போர்டிலிருந்து சின்ன ஸ்பீக்கர்கள் மேலே எழும்பி வந்தன. 21 இன்ச் வீல் கண்ணெதிரே இருந்தது. கண்ணுக்குத் தெரிவதில் எல்லாம் உண்மையாக இருந்து, தெரியாத இடத்தில் மட்டும் பொய் சொல்லியிருக்கிறார்கள் என்பதுதான் இதில் எனக்கு மிகவும் கசக்கிறது.

மேஜையில் உட்கார்ந்து கையெழுத்துப் போடும் நேரத்தில் வேறு கடை விரித்தார்கள். பெயின்ட்டுக்குக் கோட்டிங், டயருக்குக் காப்பீடு, கூடுதல் வாரன்டி என்று. கோட்டிங்கும் டயரும் வேண்டாம் என்றேன். வாரன்டி மட்டும் எடுத்தேன். பின்னால் அதன் சின்ன எழுத்தைப் படித்தால், தேய்மானத்தால் பழுதாகும் ஷாக் அப்சார்பர் அதில் சேராது. ஃபைலில் பில் இல்லை. தபாலில் அனுப்புகிறோம் என்றார்கள். கடைசிவரை வரவில்லை.

முதல் வாரமே தெரிந்துவிட்டது. எங்கள் தெருவில் ஸ்பீட் பிரேக்கர்கள் அடுத்தடுத்து இருக்கும். மெதுவாக ஏறி இறங்கும்போதே முன்பக்கம் இடதில் டொக், டொக் என்று சத்தம். அம்மா பின்னாலிருந்து, "என்னப்பா, இவ்வளவு காசு போட்டு வாங்கின வண்டி இப்படித் தூக்கித் தூக்கிப் போடுது?" என்றார். அன்று மாலையே ஸ்டியரிங்கை முழுதாக ஒரு பக்கம் திருப்பி வைத்து, வீல் ஆர்ச்சுக்குள் போன் டார்ச் அடித்துப் பார்த்தேன். ரப்பர் பை இருக்க வேண்டிய இடத்தில் ஸ்டீல் ஸ்பிரிங் சுருள் சுருளாகத் தெரிந்தது. நான்கு மூலையும் பார்த்தேன். மூன்று ஷாக் அப்சார்பரில் வருடக்கணக்கான தூசி அப்பியிருந்தது. முன் இடதில் மட்டும் துணியால் துடைத்த தடம், அதன்மேல் புதிதாகக் கசிந்த எண்ணெய் ஈரம். விரலால் தொட்டால் பிசுபிசுத்தது.

டிக்கியின் அடிப்பலகையைத் தூக்கினால், ஸ்டெப்னி வைக்கும் குழியில் வெள்ளை ஸ்டிக்கர் ஒன்று ஒட்டியிருக்கும். சேஸிஸ் நம்பர், இன்ஜின் குறியீடு, பெயின்ட் குறியீடு, அதற்குக் கீழே மூன்று மூன்று எழுத்தாக வரிசையாகக் குறியீடுகள். அந்த வண்டி தொழிற்சாலையிலிருந்து எந்தெந்த ஆப்ஷனோடு வெளியே வந்தது என்பதற்கு அதுதான் ஜாதகம். அதைப் படமெடுத்துக்கொண்டு கம்பெனி சர்வீஸ் சென்டரின் பாகங்கள் பிரிவுக்குப் போனேன். அங்கிருந்தவர் கணினியில் போட்டுப் பார்த்து இரண்டு விஷயம் சொன்னார். பிறக்கும்போதே டி.ஆர்.சி வண்டி. பின்னிருக்கைப் பக்கவாட்டு ஏர்பேக் இந்த வண்டிக்கு ஆர்டர் செய்யப்படவே இல்லை.

சஸ்பென்ஷன் விஷயத்தில் வந்த கோபத்தைவிட இதில் வந்த கோபம் பெரிது. பிள்ளைகள் உட்காரும் இடம் அது. இல்லாத ஏர்பேக்கை இருப்பதாக விளம்பரத்தில் போட ஒருவருக்கு எப்படி மனசு வந்தது? இருந்தால் சீட்டின் ஓரத்திலேயே ஏர்பேக் என்ற குறி இருக்கும். முன்சீட்டில் இருந்தது, பின்னால் இல்லை.

தனியாக ஒரு மெக்கானிக்கைப் பிடித்து, வண்டியை லிஃப்டில் தூக்கி, எழுத்து மூலம் அறிக்கை வாங்கினேன். முன்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டும் வண்டியோடு வந்த பழையவை, மாற்றியதற்கான அடையாளமே இல்லை என்று எழுதிக் கொடுத்தார்.

டீலரிடம் போனால், "டி.ஆர்.சி ஏர் சஸ்பென்ஷனைவிட விலை கூடிய ஆப்ஷன் சார், உங்களுக்கு லாபம்தானே" என்றார் மேலாளர். ஏர்பேக் பற்றிக் கேட்டதற்கு, ஆப்ஷன் பட்டியலை மென்பொருள் தானாக நிரப்புகிறது, தவறு நேரலாம் என்று விளம்பரத்தின் அடியிலேயே போட்டிருக்கிறோம் என்றார். கசிவுக்கு, "பழைய வண்டி என்றால் அப்படித்தான்" என்றார். பேசிப் பயனில்லை என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

இங்கே சட்டம் நம் பக்கம் இருக்கிறது, அதைத் தெரிந்துகொள்ளுங்கள். 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, விற்ற பொருள் சொன்ன விவரிப்போடு ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகவில்லை என்றால் 30 நாளுக்குள் வண்டியைத் திருப்பிக் கொடுத்து முழுப் பணம் கேட்கலாம். அந்த 30 நாளைத் தாண்டிவிட்டால், பழுது பார்க்க ஒரு வாய்ப்பை முதலில் டீலருக்குக் கொடுக்க வேண்டியிருக்கும். அதனால், "பார்க்கிறோம், கொண்டு வாருங்கள், அடுத்த வாரம் மேலாளர் வருவார்" என்று இழுத்தடிப்பவர்களிடம் நாளைக் கடத்தாதீர்கள். வண்டியை நிராகரிக்கிறேன் என்று தேதி போட்டு அன்றைக்கே எழுதி அனுப்புங்கள். நான் அனுப்பினேன், அதன்பிறகு வண்டியை ஓட்டவும் இல்லை.

பெரும்பகுதிப் பணத்தை ஃபைனான்ஸில் போட்டிருந்தேன். தவணை முறையில் வாங்கினால் சட்டப்படி நமக்கு விற்றவர் அந்த ஃபைனான்ஸ் நிறுவனம்தான். டீலர் கையை விரித்தாலும் அவர்கள் பொறுப்பேற்க வேண்டும். நம் ஆட்கள் பலர் இதை அறியாமல் டீலர் வாசலிலேயே அலைகிறார்கள். கிரெடிட் கார்டில் கட்டினால் பாதுகாப்பு என்று பொதுவாகச் சொல்வார்கள். அது உண்மைதான், ஆனால் பொருளின் விலை 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டுக்குள் இருந்தால் மட்டும். இந்த வண்டி அந்த வரம்புக்கு மேலே.

ஃபைனான்ஸ் நிறுவனத்துக்கு இரண்டு மின்னஞ்சல், விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், ஸ்டிக்கர் படம், மெக்கானிக் அறிக்கை எல்லாவற்றையும் அனுப்பினேன். அவர்கள் இறுதிப் பதில் தர எட்டு வாரம் அவகாசம் உண்டு. அதில் திருப்தி இல்லையென்றால் நிதி நிறுவனங்கள் மீதான புகாரை விசாரிக்கும் ஃபைனான்ஷியல் ஆம்பட்ஸ்மேனிடம் இலவசமாகப் போகலாம். அதுவரை போக வேண்டிய தேவை வரவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு, கடனை ரத்து செய்து, முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். கார் இன்சூரன்ஸை ரத்து செய்த கட்டணமும் மெக்கானிக்குக் கொடுத்ததும் போனது போனதுதான். டீலர் மீது சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற இலவச ஆலோசனை அமைப்பின் நுகர்வோர் உதவி எண் வழியாகப் புகார் கொடுத்திருக்கிறேன். அவர்கள் அதை, வியாபாரிகளைக் கண்காணிக்கும் டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸ் துறைக்கு அனுப்புவார்கள்.

வண்டி மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. இன்னும் அதே மாடலைத்தான் தேடுகிறேன். தேடுகிறவர்களுக்கு என் கருத்து: ஸ்பீக்கரையும் வீலையும் வாங்கிய பிறகும் மாற்றிக்கொள்ளலாம். ஸ்டீல் ஸ்பிரிங் வண்டியை ஏர் வண்டியாக மாற்றுவது நடக்கிற காரியம் இல்லை. அதனால் சஸ்பென்ஷனை வைத்துத்தான் வண்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

குடும்பத்துக்கு என்றால் 20 இன்ச் வீலே போதும். 21 இன்ச்சில் டயரின் பக்கச்சுவர் இன்னும் மெலிது. இங்குள்ள சாலைக் குழிகளில் டயர் வெடிப்பதும் அலாய் வளைவதும் அதில்தான் அதிகம், ஆட்டமும் கூடும். 305 கிலோமீட்டர் வேகத்துக்கு அனுமதிக்கும் டைனமிக் பேக்கேஜ் பிளஸ் உள்ள வண்டிகளுக்குச் செராமிக் பிரேக்கும் டி.ஆர்.சியும் சேர்ந்தே வரும். மணிக்கு 70 மைல் வரம்புள்ள நாட்டில் பிள்ளைகளைப் பள்ளியில் விட அது எதற்கு? தேய்ந்த செராமிக் டிஸ்க்கை மாற்றும் செலவில் ஒரு நல்ல சின்னக் காரே வாங்கிவிடலாம். பின்னிருக்கை ஏர்பேக்குக்கு மட்டும் நான் கூடுதல் விலை கொடுக்கத் தயார்.

இப்போது எந்த டீலரானாலும் முதலில் இதைத்தான் எழுதி அனுப்புகிறேன்: "சேஸிஸ் நம்பர், டிக்கிக் குழியில் உள்ள ஸ்டிக்கரின் தெளிவான படம், நான்கு வீல் ஆர்ச்சுக்குள்ளும் எடுத்த படம், மாற்றியதாகச் சொல்லும் பாகத்துக்கு பில். இவை வந்த பிறகுதான் டெபாசிட்." பாதிப் பேர் பதிலே போடுவதில்லை. லீட்ஸில் ஒருவர் அன்று மாலையே எல்லாப் படத்தையும் அனுப்பிவிட்டார், ரப்பர் பை நான்கும் தெரிகிறது. சனிக்கிழமை அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய், பின்னால் உட்கார வைத்து ஓட்டிப் பார்க்கப்போகிறேன்.