நெஞ்சில் நீர் கோர்த்தால்: வார்டில் டால்க்கா, வீட்டில் கதீட்டரா?

மார்பகப் புற்றுநோய் நுரையீரல் உறைக்கும் பரவியதில் அத்தைக்கு நெஞ்சில் நீர் கோர்த்துக்கொண்டே இருந்தது. ஊசி போட்டு எடுத்தாலும் சில நாளில் மறுபடி மூச்சு வாங்கும். டாக்டர் இரண்டு வழி சொன்னார். ட்யூப் போட்டு டால்க் பவுடரைச் செலுத்தி உறையை நெஞ்சுச் சுவரோடு ஒட்டவைப்பது ஒன்று, தோலுக்கடியில் ஓடுகிற கதீட்டரை, அதாவது மெல்லிய குழாயை, வைத்து வீட்டிலேயே நீரை இறக்குவது இன்னொன்று. நாங்கள் கதீட்டரைத்தான் எடுத்தோம். நான் மதுரையில் நர்ஸ், டால்க் போட்டவர்களை வார்டில் நிறையவே பார்த்திருக்கிறேன், கதீட்டரோடு வீட்டுக்குப் போனவர்கள் கொஞ்சம் பேர்தான்.

டால்க் பிடித்துக்கொண்டால் பெரிய நிம்மதி, அப்புறம் ட்யூபும் இல்லை, நீர் வடிகிற பாட்டிலும் இல்லை. ஆனால் நீர் வடிந்தபின் நுரையீரல் முழுக்க விரிந்து நெஞ்சுச் சுவரைத் தொட வேண்டும், தொடாவிட்டால் ஒட்டாது. சில நாள் வார்டில் இருந்தாக வேண்டும், காய்ச்சலும் நெஞ்சு வலியும் வரலாம், ட்யூப் இருக்கும்வரை பாட்டில் எப்போதும் நெஞ்சுக்குக் கீழேயே இருக்க வேண்டும். அத்தைக்கு எக்ஸ்ரேயில் நுரையீரல் சரியாக விரியவில்லை. ஆஸ்பத்திரியில் படுக்கவும் அவருக்கு மனசில்லை.

கதீட்டரில் எல்லாமே பராமரிப்புதான். போடுவது சின்ன வேலை, அதற்கப்புறம் வருவதைத்தான் யோசிக்க வேண்டும். உசிலம்பட்டி பக்கம் கிராமத்தில் இருக்கிற வீட்டில், நான் டியூட்டியில் இருக்கும்போது யார் பார்ப்பது? கொழுந்தன் மனைவிக்குக் கற்றுக்கொடுத்தேன்: சோப்பு போட்டுக் கை கழுவி, ஸ்டெரைல் கிளவுஸ் மாட்டி, கதீட்டரின் வால்வு முனையை ஸ்பிரிட்டால் துடைத்து, பிறகுதான் பாட்டிலை இணைக்க வேண்டும். எங்களுக்குச் சொன்ன கணக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஒரு தடவைக்கு 1 லிட்டருக்கு மேல் வேண்டாம். நடுவில் இருமலோ நெஞ்சில் இறுக்கமோ வந்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும், வேகமாக இழுத்தால் நுரையீரலே நீர் கோர்த்து வீங்கும் அபாயம் உண்டு. எவ்வளவு வந்தது, என்ன நிறம் என்று நோட்டில் எழுதிவைக்கிறாள், அந்த நோட்டைப் பார்த்துத்தான் டாக்டரும் அடுத்து என்ன என்று சொல்கிறார். டிரெஸ்ஸிங் நனையாமல் குளிக்கலாம், கிணற்றிலோ கண்மாயிலோ முங்கக் கூடாது. துளையைச் சுற்றிச் சிவந்தாலோ, சீழ் வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ அன்றைக்கே மதுரைக்குக் கிளம்ப வேண்டியதுதான்.

செலவு விழுவது பாட்டிலில். ஒரு முறைதான் பயன்படும், அந்தக் கதீட்டரின் வால்வுக்குப் பொருந்துகிற முனை உள்ளதாகவும் இருக்க வேண்டும், ஊர் மெடிக்கல் ஷாப்பில் கேட்டால் கிடைக்காது. மாதக் கணக்கில் இழுத்தால் டால்க்கை விட இது கூடுதலாகக்கூட ஆகலாம், அவ்வளவு நாள் வைத்திருந்தவர்களை நான் பார்த்ததில்லை. சிலருக்கு நீர் தானாகவே குறைந்து உறை ஒட்டிக்கொள்ளும், அப்போது கதீட்டரை எடுத்துவிடலாம். அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

நுரையீரல் நன்றாக விரிகிறது, வீட்டில் கை சுத்தமாகச் செய்ய ஆள் இல்லை என்றால் டால்க்கே மேல். மற்றபடி என் ஓட்டு கதீட்டருக்குத்தான். சம்மதம் சொல்லும் முன்பே பாட்டில் எங்கே கிடைக்கும், மாதத்துக்கு எத்தனை ஆகும் என்று கேட்டுவிடுங்கள்.