ஞாயிறுக்கு ரெட்ஸோன், செவ்வாய்க்கு கோச் ஃபிலிம்: சில சீசன் அனுபவம்

சிகாகோ பக்கம் குடிவந்த பிறகு, இந்த ஊரின் அமெரிக்கக் கால்பந்து அணியான பேர்ஸுக்கு ரசிகனானவன் நான். அந்த ஆட்டத்தின் பெரிய லீக்கான என்எஃப்எல்லின் ரெட்ஸோன் சேனலைப் பல சீசன்களாகப் பார்த்து வருகிறேன். நடுவில் லீக்கின் ஸ்ட்ரீமிங் சேவையான என்எஃப்எல் பிளஸ் பிரீமியமும் சேர்ந்துகொண்டது. அமெரிக்கக் கால்பந்துக்குப் புதிதாக வரும் நண்பர்கள் கேட்கும் முதல் கேள்வி, "ரெட்ஸோன் மட்டும் வாங்கினால் போதுமா?" என்பதுதான். ஞாயிற்றுக்கிழமையை ரசிக்க அது தாராளமாகப் போதும். திங்கட்கிழமை நாலு பேரோடு ஆட்டத்தைப் பற்றி வாதாட வேண்டுமென்றால் போதாது. ஏன் என்று விவரமாகவே சொல்கிறேன்.

எதிரணியின் கோல் கோட்டுக்கு முன்னால் உள்ள 20 யார்டுதான் ரெட் ஸோன். எந்த மைதானத்தில் பந்து அதற்குள் நுழைகிறதோ, சேனல் உடனே அங்கே தாவிவிடும். 2009-இல் தொடங்கியதிலிருந்து ஸ்காட் ஹான்சன் ஒருவர்தான் இதை நடத்துகிறார். எங்கள் நேரப்படி பகல் 12 மணிக்குத் திரையில் வருபவர், இரவு 7 மணி வாக்கில் அன்றைய டச்டவுன்களை (பந்தைக் கோல் கோட்டுக்கு அப்பால் கொண்டுசேர்த்து எடுக்கும் ஆறு புள்ளி) எல்லாம் ஒன்றுவிடாமல் ஓட்டிக் காட்டிவிட்டுத்தான் விடைபெறுவார். இத்தனை மணி நேரத்தில் அந்த மனிதரின் குரல் தொய்ந்து நான் பார்த்ததில்லை. எட்டு ஆட்டங்கள் ஒரே நேரத்தில் நடந்தால் திரையை எட்டாகப் பிரித்துக் காட்டுவதும் உண்டு. 2025 சீசனிலிருந்து விளம்பரங்கள் கொஞ்சம் நுழைந்திருக்கின்றன. ஒரு வழக்கமான ஆட்ட ஒளிபரப்போடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

அந்த வழக்கமான ஒளிபரப்பு எப்படிப்பட்டது என்பதைப் புதியவர்கள் தெரிந்துகொள்வது நல்லது. ஓர் ஆட்டம் முடிய மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதில் பந்து நிஜமாகவே ஆட்டத்தில் இருப்பது சுமார் 11 நிமிடம்தான் என்று வால் ஸ்ட்ரீட் ஜர்னல் 2010-இல் கணக்குப் போட்டுக் காட்டியது. மீதி நேரமெல்லாம் கூடிப் பேசுவது, வரிசையில் நிற்பது, ரீப்ளே, விளம்பரம். இது பழகாதவர்கள் முதல் அரை மணி நேரத்திலேயே எழுந்து போய்விடுவார்கள். ரெட்ஸோன் அவர்களைப் பிடித்து உட்கார வைக்கும். என் வீட்டிலேயே அப்படித்தான் நடந்தது. ஆட்டத்தில் ஈடுபாடே இல்லாத என் மனைவி இப்போது ஃபீல்ட் கோல் (பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்து எடுக்கும் மூன்று புள்ளி) உதைக்கும்போது கிட்டே வந்து நின்று பார்க்கிறார்.

அதன் உச்சத்தைக் காட்ட 2024 சீசனின் எட்டாவது வாரத்தை, அக்டோபர் 27-ஐச் சொல்வேன். பகல் ஆட்டங்கள் எட்டு. அவை முடியும் நேரத்தில் என்னென்ன நடந்தன என்று பாருங்கள். ஜாக்சன்வில்லில் பேக்கர்ஸ் குவார்ட்டர்பேக் (பந்தை வீசித் தாக்குதலை நடத்துபவர்) ஜோர்டன் லவ் காயத்தோடு வெளியேற, மாற்று ஆளாக வந்த மலிக் வில்லிஸ் அணியை முன்னே கொண்டுபோக, கடைசி நொடி ஃபீல்ட் கோலில் 30-27. மயாமியில் அரிசோனாவும் கடைசி நொடி உதையில் 28-27. கடைசி அரை நிமிடத்துக்குள் டச்டவுன் போட்டு ஜெட்ஸை 25-22 என்று வீழ்த்தியது நியூ இங்கிலாந்து. கிளீவ்லேண்டில் பலம் வாய்ந்த ரேவன்ஸ் 29-24 என்று தோற்றது. தாவித் தாவி இத்தனையையும் ஒரே திரையில் பார்த்த அந்த அரை மணி நேரத்துக்காகவே சேனலுக்குக் கொடுக்கும் காசு தகும்.

அதே நாள்தான் இதன் குறையையும் எனக்குத் தெளிவாகக் காட்டியது. டெட்ராய்ட் லயன்ஸ் டென்னஸியை 52-14 என்று நொறுக்கியது. ரெட்ஸோனில் பார்த்தால் லயன்ஸ் தாக்குதல் படை வெறியாட்டம் ஆடியதாகத்தான் தோன்றும். டச்டவுனுக்கு மேல் டச்டவுன். ஆனால் அன்று அந்தப் படை மொத்தமாக நகர்ந்தது 225 யார்டுதான். குவார்ட்டர்பேக் ஜாரெட் காஃப் 3 டச்டவுன் வீசினார், வீச்சில் கிடைத்த தூரம் 85 யார்டு. டென்னஸி பந்தைத் தவறவிட்டதும், லயன்ஸ் ஆட்கள் உதைகளைப் பிடித்து வெகுதூரம் திரும்பி ஓடியதும் சேர்ந்து பாதி வழியை முன்பே கடந்து கொடுத்துவிட்டன. பந்து 20 யார்டுக்குள் வந்த பிறகு காட்டும் சேனலில், அது எப்படி அங்கே வந்தது என்பது விட்டுப்போகிறது. திங்கள் காலை அலுவலகத்தில் "லயன்ஸை யாராலும் நிறுத்த முடியாது" என்பவர் ரெட்ஸோன் பார்த்தவர். "டென்னஸியின் ஸ்பெஷல் டீம் (உதைகளைக் கவனிக்கும் படை) கோச்சை என்ன செய்வது" என்பவர் முழு ஆட்டம் பார்த்தவர். பேச்சைக் கேட்டே கண்டுபிடித்துவிடலாம்.

இன்னொன்று, இணையம் வழியே பார்ப்பவர்களுக்கு. நான் வைத்திருந்த ஒரு ஸ்ட்ரீமிங் சேவையில் படம் நிஜ ஆட்டத்துக்குச் சற்றுப் பின்னால்தான் ஓடும். உதைக்கும் ஆள் ஓடிவரும்போதே மேஜையில் கிடக்கும் கைபேசி அதிர்ந்து முடிவைச் சொல்லிவிடும். ஞாயிறு பகலில் ஸ்கோர் அறிவிப்புகளை அணைத்து வையுங்கள். ஃபேண்டஸி லீக் (நிஜ வீரர்களை வைத்துக் கற்பனை அணி கட்டும் விளையாட்டு) ஆடுபவர்களுக்கு மனசு கேட்காது, தெரியும். இருந்தாலும் அணையுங்கள்.

அந்த வாரத்தில் எங்கள் வீட்டில் பேச்செல்லாம் பேர்ஸ்-வாஷிங்டன் ஆட்டம் பற்றித்தான். வர்ஜீனியாவில் இருக்கும் என் மச்சினன் வாஷிங்டன் கமாண்டர்ஸ் ரசிகன். 2024 டிராஃப்டில் (கல்லூரி வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) முதலில் எடுக்கப்பட்ட கேலப் வில்லியம்ஸ் எங்கள் குவார்ட்டர்பேக். இரண்டாவதாக எடுக்கப்பட்ட ஜேடன் டேனியல்ஸ் அவர்களுடையவர். முந்தைய ஆட்டத்தில் டேனியல்ஸுக்கு விலா எலும்பில் அடி. புதன்கிழமை காயப் பட்டியல் வந்ததும் போன் வந்தது: "மாமா, பயிற்சிக்கே வரல. ஆடுவாரா?" வியாழனும் அதே கதை. வெள்ளிக்கிழமை பட்டியலில் 'கொஸ்டினபிள்' என்று போட்டிருந்தார்கள். ஆடலாம், ஆடாமலும் போகலாம். ஞாயிறு ஆட்டத்தின் ருசி பாதி இந்தப் புதன், வியாழன், வெள்ளிப் பேச்சில் இருக்கிறது. இதை எந்தச் சேனலும் தருவதில்லை.

அவர் ஆடினார். மேரிலாந்து லேண்டோவரில், எங்கள் நேரப்படி பிற்பகல் ஆட்டம். வாஷிங்டன் நான்கு ஃபீல்ட் கோலில் 12 புள்ளி எடுத்திருந்தது. 25 நொடி மிச்சமிருக்கையில் ரோஷான் ஜான்சன் ஒரு யார்டு முட்டி நுழைந்து டச்டவுன், மேலே இரண்டு புள்ளி, பேர்ஸ் 15-12. அப்புறம் நடந்தது இந்த ஆட்டம் தெரிந்த எல்லோருக்கும் தெரியும். 2 நொடி இருக்கையில் கடைசி ஸ்நாப், அதாவது பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்குவது. டேனியல்ஸ் 12 நொடிக்கும் மேல் அங்குமிங்கும் ஓடிவிட்டு வானத்தை நோக்கி வீசினார். கூட்டமாகக் குதித்தவர்களில் பேர்ஸ் வீரர் டைரீக் ஸ்டீவன்சன் கைபட்டுப் பந்து பின்பக்கம் சரிய, எண்ட் ஸோனில் (கோல் கோட்டுக்குப் பின்னுள்ள பகுதி) தனியாக நின்ற வாஷிங்டனின் நோவா பிரவுன் கையில் போய் விழுந்தது. வாஷிங்டனுக்கு 18-15 வெற்றி. ஸ்நாப் நேரத்தில் ஸ்டீவன்சன் ரசிகர்கள் பக்கம் திரும்பிச் சைகை காட்டிக்கொண்டிருந்த காட்சி அன்றிரவே பரவியது. பிறகு அவர் பகிரங்கமாக மன்னிப்பும் கேட்டார்.

திங்கட்கிழமை ஊரே ஸ்டீவன்சனைத் திட்டியது. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை, காரணம் செவ்வாய்க்கிழமை பார்த்த கோச் ஃபிலிம். பிரீமியத்தில் கிடைக்கும் இந்தக் காட்சியில் மைதானத்தின் 22 பேரும் தெரிவார்கள். தொலைக்காட்சிக் கேமரா பந்தின் பின்னால் போய்விடுவதால், பின்வரிசைத் தடுப்பாளர்கள் எங்கே நின்றார்கள் என்பது வீட்டில் தெரியவே தெரியாது. கடைசி வீச்சுக்குச் சற்று முந்தைய ஸ்நாப்பை ஓட்டிப் பார்த்தேன். 6 நொடி மிச்சம், பந்து வாஷிங்டனின் சொந்த 35 யார்டில். பேர்ஸ் தடுப்பாளர்கள் வெகு ஆழத்தில் நிற்கிறார்கள். சைட்லைன் ஓரம் திறந்து கிடக்கிறது. வாஷிங்டனின் டெர்ரி மெக்லாரின் 13 யார்டு பிடித்து வெளியே காலை வைக்கிறார். கடிகாரம் 2 நொடியில் நிற்கிறது. பந்து இப்போது 48-இல்.

அந்த 13 யார்டு பெரிய விஷயமில்லை, டச்டவுனைத்தான் தடுக்கப் பார்த்தோம் என்கிற தொனியில் பேர்ஸ் தலைமைப் பயிற்சியாளர் மேட் எபர்ஃப்ளூஸ் பேசினார். நான் ஏற்கவில்லை. கடைசி வீச்சு காற்றில் போன தூரமே சுமார் 65 யார்டு. இன்னும் 13 யார்டு பின்னாலிருந்து, அதுவும் விலா வலியோடு, யாரும் அதை எண்ட் ஸோன் வரை எறிந்திருக்க முடியாது. மச்சினன் ஒத்துக்கொள்வதில்லை. "பின்னாடி இருந்திருந்தா வேற ஏதாச்சும் பண்ணியிருப்பாரு மாமா" என்கிறான். இன்றுவரை ஒவ்வொரு விசேஷத்துக்கும் சந்திக்கும்போது இது ஒருமுறை வந்துவிடும்.

பேர்ஸ் அதோடு சரிந்தது. அந்தத் தோல்வியோடு சேர்த்து வரிசையாக 10. நவம்பர் 28, தேங்ஸ்கிவிங் அன்று டெட்ராய்ட்டில் கையில் டைம் அவுட் இருந்தும் கடிகாரத்தை ஓடவிட்டுத் தோற்றார்கள். மறுநாள் எபர்ஃப்ளூஸ் நீக்கப்பட்டார். 1920-இல் தொடங்கிய அணி சீசன் நடுவில் தலைமைப் பயிற்சியாளரை நீக்கியது அதுதான் முதல் முறை. அக்டோபரிலேயே அந்த 13 யார்டு ஸ்நாப்பைப் பார்த்தவர்களுக்கு அந்த நவம்பர் கடிகாரம் ஆச்சரியமாக இருந்திருக்காது.

சரி, வாங்குவதற்கு வருவோம். உங்களுக்கென்று ஓர் அணி இல்லையென்றால் ரெட்ஸோன் எடுங்கள், ஒரு சீசன் முழுக்கப் பாருங்கள், அணி தானாக அமையும். அணி இருந்தால் அந்த ஆட்டத்தை முழுதாகப் பாருங்கள், ரெட்ஸோன் பக்கத்தில் சின்னத் திரையில் சத்தமில்லாமல் ஓடட்டும். நான் இப்போது இப்படித்தான். நேரமில்லாதவர்களுக்குச் சுருக்க ரீப்ளே இருக்கிறது. இடைவெளிகளை வெட்டியெடுத்து ஓர் ஆட்டத்தை முக்கால் மணி நேரத்தில் காட்டிவிடுவார்கள், எல்லா ஸ்நாப்பும் இருக்கும். தமிழ்நாட்டிலிருந்து பார்க்க நினைப்பவர்களுக்கு டாஸோன் வழியே கிடைக்கும் கேம் பாஸ்தான் வழி. முதல் ஆட்டங்கள் ஞாயிறு இரவு 10:30-க்கு, நவம்பரில் இங்கே கடிகாரம் மாறியதும் 11:30-க்குத் தொடங்கும். கண் விழிக்க முடியாதவர்கள் திங்கள் மாலை சுருக்க ரீப்ளேயைப் பார்க்கலாம், ஸ்கோர் காதில் விழாமல் அதுவரை தாக்குப்பிடித்தால்.