சிஸ்கோ மாடலிங் லேப்ஸ் பெர்சனல்: கேட்க ஆளில்லாத இடத்தில் கைகொடுக்கும் லேப்

சிஸ்கோவின் அடிப்படை நெட்வொர்க் சான்றிதழான சிசிஎன்ஏவுக்குப் படிப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் சப்நெட் (நெட்வொர்க்கைப் பிரிக்கும்) கணக்கு ஒன்றைப் போட்டால் நாலு பேர் போட்டி போட்டு விடை சொல்வார்கள். உயர்நிலைச் சான்றிதழான சிசிஐஇ குழுவில் போட்ட கேள்வி நாள்கணக்கில் அப்படியே கிடக்கும். மேலே போனவர்களுக்குத் தலைக்கனம் என்று புலம்புவது வழக்கம். உண்மையில் கேள்விதான் வாட்ஸ்அப்புக்குள் அடங்காத அளவுக்குப் பெருத்துவிடுகிறது. அங்கே கைகொடுப்பது சிஸ்கோ மாடலிங் லேப்ஸ் (சிஎம்எல்), கணினிக்குள்ளேயே ரூட்டர்களை இணைத்துச் சோதித்துப் பார்க்கும் மென்பொருள்.

சிசிஎன்ஏவில் ஓஎஸ்பிஎஃப் (ரூட்டர்கள் ஒன்றுக்கொன்று வழி சொல்லிக்கொள்ளும் முறை) ஒரே ஏரியா, அதாவது ஒரே பிரிவு. பக்கத்து ரூட்டருடனான தொடர்பு எக்ஸ்ஸ்டார்ட் என்ற கட்டத்தில் நின்றுவிட்டதா, எம்டியூவை (பேக்கெட்டின் உச்ச அளவை) பார் என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். சிசிஐஇ நிலையில், ஓஎஸ்பிஎஃபும் அதேபோன்ற இன்னொரு முறையான ஈஐஜிஆர்பியும் இரண்டு ரூட்டர்களில் ஒன்றுக்குள் ஒன்று ரீடிஸ்ட்ரிபியூட் ஆகின்றன (ஒன்றின் வழிகள் மற்றதற்குக் கைமாறுகின்றன) என்று வையுங்கள். ஈஐஜிஆர்பிக்கு வெளியிலிருந்து வந்த எக்ஸ்டெர்னல் ரூட்டின் டிஸ்டன்ஸ் (குறைந்தால் நம்பிக்கை அதிகம்) 170, ஓஎஸ்பிஎஃபுக்கு 110. முதல் ரூட்டர் அதை ஓஎஸ்பிஎஃபுக்குள் விட்டதும், இரண்டாவது ரூட்டர் 110-ஐ நம்பிச் சுற்றுவழியில் போகும். போதாததற்கு அதையே திரும்ப ஈஐஜிஆர்பிக்குள் தள்ளும். எந்த ரூட்டர் முதலில் ரூட்டைக் கற்றது என்பதைப் பொறுத்து இன்று ஒழுங்காக ஓடும், ரீலோட் செய்தால் லூப் ஆகும் (பேக்கெட் சுற்றிச் சுற்றி வரும்). உள்ளே விடும் இடத்தில் டேக் (அடையாள எண்) போட்டு, எதிர் ரூட்டரின் ரூட்-மேப்பில் (வடிகட்டும் விதியில்) அந்த டேகை டினை செய்ய (மறுக்க) வேண்டும். எல்லா ரூட்டர்களின் கான்ஃபிக்கையும் (அமைப்புக் கட்டளைகளையும்) பார்க்காமல் யாரால் இதைச் சொல்ல முடியும்?

இதோடு வாய்ப்பூட்டும் உண்டு. தேர்வு விவரத்தை வெளியே சொல்லக் கூடாது என்ற ஒப்பந்தம் சிசிஎன்ஏவுக்கும் இருக்கிறது. ஆனால் சிசிஐஇ என்டர்பிரைஸ் லேப் தேர்வு 8 மணி நேரம், டிசைனுக்கு 3, மீதி 5 கட்டமைப்புக்கு. அங்கே ஒரு டோபாலஜி விவரம் நழுவினாலும் தேர்வே கசிந்த மாதிரி. பாஸானவர்கள் பேசத் தயங்குவது நியாயம்தான்.

ஆகவே பதிலை லேபிடம்தான் வாங்க வேண்டும். சிஸ்கோவின் பேக்கெட் ட்ரேசர், ஐஓஎஸ் (சிஸ்கோ ரூட்டர்களின் இயங்குதளம்) மாதிரி நடிக்கும் மென்பொருள். சிஎம்எல்லில் ஓடுவது நிஜ ஐஓஎஸ். ரூட்டரான ஐஓஎஸ்வி ஒன்றுக்கு 512 எம்பி ரேம், ஸ்விட்சான ஐஓஎஸ்வி-எல்2வுக்கு 768 எம்பி என்பதால் மேலே சொன்ன லேபுக்கு 16 ஜிபி கணினி போதும். பெரிய ஸ்விட்சான கேட்9000வி-யை இழுத்துப் போட்டால் அது ஒன்றே 18 ஜிபி கேட்கும், ஜாக்கிரதை.

நிறுவும்போது பெரும்பாலும் மூன்று இடத்தில் தடுக்கும். விர்ச்சுவல்பாக்ஸுக்கு ஆதரவு இல்லை, விஎம்வேர் வேண்டும். அதில் விடி-எக்ஸ் (மெய்நிகர் கணினிக்கான ப்ராசஸர் வசதி) டிக் போடாவிட்டால் நோடுகள் (லேபில் உள்ள ரூட்டர், ஸ்விட்ச்) எழாது. ரூட்டர் இமேஜ்கள் அடங்கிய ரெஃப்பிளாட் ஐஎஸ்ஓ கோப்பை சிடி டிரைவில் 'கனெக்ட் அட் பவர் ஆன்' இல்லாமல் விட்டால் ரூட்டர் இமேஜே தெரியாது. இன்னொரு குழப்பம் பயனர் கணக்கு: லேப் திரைக்கு அட்மின், 9090 போர்ட்டில் இருக்கும் காக்பிட் எனும் நிர்வாகத் திரைக்கு சிஸ்அட்மின்.

சிஎம்எல்லின் பெரிய பலம் யாம்ல் (ஓர் உரைக் கோப்பு வடிவம்) ஏற்றுமதி: முழு லேபையும் ஒரே கோப்பாக அனுப்பலாம். பெரிய பலவீனமும் அங்கேதான். ரூட்டரில் 'ரைட் மெமரி' அடித்தது அந்த நோடின் டிஸ்க்கில் மட்டும் இருக்கும். நோடு ஓடிக்கொண்டிருக்கும்போதே கான்ஃபிக்கை எடுக்கும் பட்டனை அழுத்தாமல் ஏற்றுமதி செய்தால், உதவ வந்தவருக்குக் கிடைப்பது வெறும் படம். அவரும் சத்தமில்லாமல் ஒதுங்கிவிடுவார். எடுக்காமல் 'வைப்' (நோடின் டிஸ்கைத் துடைப்பது) கொடுத்தால் உங்களுக்கும் ஒன்றும் மிஞ்சாது.

பெர்சனல் பதிப்புக்கு ஆண்டுக்கு 199 டாலர், 20 நோடு. வெளி நெட்வொர்க்கோடு இணைக்கும் எக்ஸ்டெர்னல் கனெக்டரும் சாதாரண அன்மேனேஜ்டு ஸ்விட்சும் அந்த 20-இல் சேராது. ஆண்டு உரிமம் என்பதுதான் கசப்பு; சிசிஎன்ஏ படிக்கும்போதே வாங்கினால் பாதிக் காசு தண்டம். இலவசப் பதிப்பின் 5 நோடுகளில் ரீடிஸ்ட்ரிபியூஷன் லேபைச் சுருக்கிப் போடலாம்: எல்லையில் இரண்டு, பக்கத்துக்கு ஒன்று, எக்ஸ்டெர்னல் ரூட்டைத் தள்ள இன்னொன்று. அது லூப் ஆவதைக் கண்ணால் பார்த்த பிறகு பணம் கட்டுங்கள்.