கப்ஸ் பிரிண்ட் சர்வர் ரெண்டு வருஷம் ஓட்டுனதுல: ஜாப் பேர் விஷயத்துல எவ்ளோ நம்பலாம்

எங்க ஆபீஸ்ல முப்பது பேருக்கு மூணு பிரிண்டர், நடுவுல ஒரு பழைய கம்ப்யூட்டர்ல லினக்ஸ் போட்டு அதுல பிரிண்ட் வேலைய பார்த்துக்குற கப்ஸ்ங்கற சாஃப்ட்வேர் வெச்சு எல்லாத்தையும் நெட்வொர்க்ல ஷேர் பண்ணி விட்டிருக்கோம், ரெண்டு வருஷம் ஆச்சு. வேகம், டிரைவர், பேப்பர் ட்ரே இதப்பத்தி எல்லாம் ஏற்கனவே நெறைய பேர் எழுதியாச்சு, அதுல எனக்கு பெரிய குறை எதுவும் இல்ல, அதனால நான் ஒரே ஒரு விஷயத்த வெச்சு மட்டும் இத எடை போடப்போறேன். ஒருத்தர் ஒரு ஃபைல் அனுப்புனா (அந்த ஒரு பிரிண்ட் வேலைய தான் ஜாப்னு சொல்றது) அதோட பேரும் அனுப்புனவர் பேரும் கடைசி வரைக்கும் ஒழுங்கா போய் சேருதா? சாதாரணமா யாரும் இத பார்க்க மாட்டாங்க, நானும் பார்த்ததில்ல, ஒருநாள் காலையில ட்ரேயில 180 பக்கம் கெடக்குற வரைக்கும்.

அன்னைக்கு ஸ்டோர்ல வேலை பார்க்குற பொண்ணு மேல பழி விழுந்துச்சு. அவ லாகின்ல தான் வந்திருக்குன்னு ஒருத்தர் சொல்ல, மேனேஜர் கூப்பிட்டு கேக்க, அவ முந்தின நாள் லீவுலயே இருந்திருக்கா, இருந்தும் கம்ப்யூட்டர் சொல்லுதுன்னா கம்ப்யூட்டர் தான் சரின்னு எல்லாரும் நின்னாங்க, அவ அழுதுட்டு என்கிட்ட வந்து "அண்ணா, நான் அனுப்பலண்ணா, கொஞ்சம் பாருங்க"ன்னா. எனக்கு அது ரொம்ப உறுத்துச்சு. பிரிண்ட் சர்வர பார்த்துக்கிறது என் பொறுப்பு, அது ஒரு ஆளப்பத்தி சொல்றது உண்மையா பொய்யான்னு சொல்ல முடியலன்னா நான் எதுக்கு அங்க இருக்கேன்.

பிரவுசர்ல 631 போர்ட்ல கப்ஸ் பக்கத்த தொறந்து ஜாப் லிஸ்ட் பார்த்தேன். பேர் இருக்குற எடத்துல "அன்நோன்", யூசர் எடத்துல "வித்ஹெல்ட்". நெறைய பேர் இத பார்த்துட்டு ஏதோ கோளாறுன்னு நெனச்சு மறுபடி இன்ஸ்டால் பண்ணிடுறாங்க, தயவுசெஞ்சு பண்ணாதீங்க, இது கோளாறே இல்ல, வேணும்னே மறைக்குது. கான்ஃபிக்ல ஜாப்பிரைவேட்வேல்யூஸ்னு ஒண்ணு இருக்கு, ஜாப் பேர், யூசர் பேர், எந்த மெஷின்ல இருந்து வந்துச்சுங்கறது எல்லாம் ஜாப் ஓனருக்கும் அட்மினுக்கும் மட்டும்னு டிஃபால்ட்டாவே வெச்சிருக்காங்க. அந்த ஜாப் பக்கம் லாகினே கேக்காதுங்கறதால அட்மினா இருந்தாலும் பிரவுசர் வழியா உங்களுக்கும் மறைச்சுத்தான் காட்டும். தேடிப்பார்த்தா எல்லாரும் சொல்ற வழி, அந்த வேல்யூஸ "நன்"னு மாத்திடுங்க, எல்லாம் தெரியும்ங்கறது. நான் மாத்தல. ஆபீஸ்ல ஒருத்தர் ராஜினாமா கடிதம் அடிப்பார், ஒருத்தர் மெடிக்கல் ரிப்போர்ட் அடிப்பார், அந்த ஃபைல் பேர பக்கத்து சீட்டுக்காரர் பிரவுசர்ல படிக்கணுமா? மறைக்குறது சரின்னு தான் நான் சொல்வேன், இந்த ஒரு டிஃபால்ட்டுக்காகவே கப்ஸ் மேல எனக்கு மரியாதை கூடிச்சு.

அப்போ உண்மைய எங்க பார்க்குறது? அச்சுக்கு போற ஃபைல்கள சர்வர் சேர்த்து வெக்கிற ஸ்பூல் ஃபோல்டர்ல. ஒவ்வொரு ஜாபுக்கும் சி (c) எழுத்துல ஆரம்பிச்சு ஜாப் நம்பரோட ஒரு கண்ட்ரோல் ஃபைல் இருக்கும், டி (d) எழுத்துல ஆரம்பிக்கிறது அச்சுக்கு போன டேட்டா. டேட்டா ஃபைல புது வெர்ஷன்கள் டிஃபால்ட்டா ஒரு நாள் தான் வெச்சிருக்கும், கண்ட்ரோல் ஃபைல் கடைசி 500 ஜாப் வரைக்கும் இருக்கும். முழு அதிகாரம் இருக்குற ரூட் அக்கவுண்ட்ல போய், அந்த 180 பக்கம் வந்த 412 ஆம் ஜாபோட சி ஃபைல ஸ்ட்ரிங்ஸ் கமாண்டுல தொறந்தேன். யூசர் அந்த பொண்ணு பேர் தான். ஆனா ஜாப் பேர் எடத்துல அடைப்புக்குறிக்குள்ள "ஸ்டிடிஇன்"னு இருந்துச்சு, அது கீழயே வந்த மெஷின் அட்ரஸ், அது அவ உக்கார்ற மெஷினே இல்ல. ஸ்டாக் கணக்கு பார்க்குற ப்ரோக்ராம் ஓடுற மெஷின். லிஸ்ட்ல நேரத்த பார்த்தா ராத்திரி 11.40, ஆபீஸ்ல விளக்கே எரியாத நேரம்.

ஸ்டிடிஇன்னு பார்த்ததுமே பாதி புரிஞ்சுடுச்சு. லினக்ஸ்ல பிரிண்டுக்கு அனுப்புற எல்பி கமாண்டுக்கு ஒரு ஃபைல குடுத்தா அந்த ஃபைல் பேரையே ஜாப் பேரா வெச்சுக்கும், ஆனா ஃபைலே இல்லாம இன்னொரு ப்ரோக்ராமோட அவுட்புட்ட நேரா அதுக்குள்ள பைப் பண்ணி விட்டா அதுக்கு பேருன்னு எதுவும் கெடையாது, அப்போ தான் இந்த ஸ்டிடிஇன் வரும். அந்த ப்ரோக்ராம அவ கம்ப்யூட்டர் லாகின்ல வெச்சே யாரோ செட்டப் பண்ணிட்டு போயிருக்காங்க, ராத்திரி தானா ரிப்போர்ட் எடுத்து பிரிண்டருக்கு தள்ளுது, மாசக்கடைசின்னா மொத்த லிஸ்டும். அவ தப்பு ஒண்ணுமே இல்ல.

அதுக்கப்பறம் தான் மொத்த வழியையும் ஒக்காந்து பார்த்தேன், பேர் எங்கெங்க காணாம போகுதுன்னு. இதுல கப்ஸுக்கு நான் முழு மார்க் குடுப்பேன், ஏன்னா அது பேர தொலைக்குறதில்ல. வர்ற டைட்டில அப்படியே எடுத்து ஃபைல பிரிண்டருக்கு புரியுற மாதிரி மாத்துற ஒவ்வொரு ஃபில்டருக்கும், பிரிண்டருக்கு அனுப்புற பேக்எண்டுக்கும் ஜாப் நம்பர், யூசருக்கு அடுத்து மூணாவது ஆர்க்யூமெண்ட்டா குடுத்துடுது. தொலையுறது அதுக்கு முன்னாடி, இல்லாட்டி அதுக்கு பின்னாடி.

முன்னாடின்னா, விண்டோஸ் மெஷின்ல இருந்து, லினக்ஸ்ல விண்டோஸ் ஷேரிங் பேசுற சாம்பா வழியா வந்தா பேருக்கு முன்னால "எஸ்எம்பிபிஆர்என்"னு ஒரு நம்பரோட ஒட்டிக்கும், கெஸ்ட்டா வந்தா யூசர் "நோபடி" ஆயிடும், அதுக்கப்பறம் யார்னு கண்டுபிடிக்க வழியே இல்ல. நான் சாம்பாவ எடுத்துட்டு விண்டோஸ்லயே ஐபிபி (நெட்வொர்க்ல பிரிண்ட் பண்றதுக்கான முறை) பிரிண்டரா சேர்த்துட்டேன், சர்வர் பேர், 631 போர்ட், பிரிண்டர்ஸ், க்யூ பேர்னு அட்ரஸ் குடுத்தா போதும், பேர் சுத்தமா வருது. எல்பிடி (LPD)ங்கற பழைய நெட்வொர்க் பிரிண்ட் முறையில அனுப்புற மெஷின் இருந்தா அதுல 1990ல வந்த ஆர்எஃப்சி 1179ங்கற விதி ஆவணம் தான் சட்டம், ஜாப் பேருக்கு 99 பைட் தான் எடம்.

பின்னாடின்னா பிரிண்டர். க்யூவ, அதாவது கப்ஸ்ல அந்த பிரிண்டருக்கான வரிசைய, 9100 போர்ட்டுக்கு ராவா (சாக்கெட்னு சொல்றது) அனுப்புற மாதிரி வெச்சிருந்தா அந்த வழியில பேருக்குன்னு தனி எடமே கெடையாது, டிரைவர் பிஜேஎல்ங்கற பிரிண்டர் கட்டளை வரியா டேட்டாவுக்குள்ளயே எழுதுனா தான் உண்டு, அதுலயும் 80 எழுத்து தான். எங்க பெரிய பிரிண்டர் ஐபிபி பேசும், க்யூ அட்ரஸ சாக்கெட்ல இருந்து ஐபிபிக்கு மாத்துனேன், அன்னைக்கே பேனல்ல ஜாப் பேர் தெரிய ஆரம்பிச்சுது.

தமிழ்ல ஃபைல் பேர் வெக்கிறவங்க இத கவனிங்க. ஐபிபியில ஜாப் பேருக்கு 255 எல்லை, ஆனா அது எழுத்து கணக்கு இல்ல, பைட் கணக்கு. "சம்பளப் பட்டியல்"னு எழுதுனா நம்ம கண்ணுக்கு 10 எழுத்து. கம்ப்யூட்டர் தமிழ சேமிக்கிற யுடிஎஃப்-8 முறையில அது 46 பைட். ஒவ்வொரு தமிழ் குறியீட்டுக்கும் 3 பைட், புள்ளிக்கும் கொம்புக்கும் தனியா 3. அதனால கோப்பு பேர் நீளமா, கடைசியில தேதியோட இருந்தா முதல்ல வெட்டுப்படுறது அந்த தேதி தான், நமக்கு வேண்டியதே அதுதான். நான் எல்லார்கிட்டயும் தேதிய முன்னாடி போடச்சொல்லிட்டேன். பேனல்ல தமிழ் கட்டம் கட்டமா தான் வருது, அது பிரிண்டரோட ஃபாண்ட் பிரச்சனை, சர்வர் லாக்ல எழுத்து ஒழுங்கா இருக்கு.

லாக்னு சொன்னதும் என்னோட பெரிய குறை ஞாபகம் வருது. யார் என்ன அச்சடிச்சாங்கன்னு பதியுற பேஜ் லாக் டிஃபால்ட்டா எழுதுறதே இல்ல. கான்ஃபிக்ல பேஜ்லாக்ஃபார்மேட்ங்கற எடம் காலியா இருக்கும், அதுல பிரிண்டர், யூசர், ஜாப் நம்பர், நேரம், மெஷின் பேர், ஜாப் பேர்னு நாமளே எழுதி குடுத்தா தான் எழுத ஆரம்பிக்கும். ஷேர் பண்ற சர்வர்ல இது எவ்ளோ முக்கியம்னு யோசிச்சு, இன்ஸ்டால் பண்றப்பவே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நான் மொத நாளே இத தொறந்து வெச்சிருந்தா அந்த பொண்ணு ரெண்டு நாள் தல குனிஞ்சு உக்காந்திருக்க மாட்டா. லாக் ஃபைல் பெர்மிஷன 0640 ஆ வெச்சுட்டா நாலு பேர் படிக்கவும் முடியாது, மறைவும் காப்பாத்தியாச்சு, கேள்வின்னு வந்தா பதிலும் கையில இருக்கு.

விண்டோஸ் பிரிண்ட் சர்வர் வெச்சிருக்கவங்களுக்கும் கதை கிட்டத்தட்ட இதுதான். அங்க பிரிண்ட்சர்வீஸ் ஆபரேஷனல் லாக மொதல்ல ஆன் பண்ணணும், ஆன் பண்ணாலும் 307 நம்பர் ஈவெண்ட்ல எல்லா ஜாபுக்கும் "பிரிண்ட் டாக்குமெண்ட்"னு ஒரே பேர் தான் வரும், குரூப் பாலிசியில பிரிண்டர்ஸ் பகுதிக்குள்ள ஈவெண்ட் லாக்ல ஜாப் பேர அனுமதிக்கிற செட்டிங் ஒண்ணு இருக்கு, அத எனேபிள் பண்ணா தான் நெஜப்பேர் வரும். "ரிமோட் டவுன்லெவல் டாக்குமெண்ட்"னு வந்தா, பழைய அப்ளிகேஷன் ஏதோ எல்பிடி1 (LPT1, பழைய பிரிண்டர் கேபிள் போர்ட்; மேல சொன்ன எல்பிடி வேற) மாதிரி போர்ட்ட ஷேருக்கு திருப்பிவிட்டு அனுப்புதான்னு பாருங்க, அதுல பேரே வராது, லாக்ல என்ன மாத்துனாலும் பிரயோஜனம் இல்ல.

மைக்கேல் ஸ்வீட்னு ஒருத்தர் 1997ல எழுத ஆரம்பிச்சது கப்ஸ், 2007ல ஆப்பிள் கைக்கு போச்சு, 2019 கடைசியில அவர் அங்கருந்து வெளிய வந்துட்டார், இப்போ ஓப்பன்பிரிண்டிங்ங்கற ஓப்பன் சோர்ஸ் குழுவுல வளருது. இவ்ளோ வருஷம் ஓடுன சாமானுங்கறது அந்த எர்ரர் லாக படிச்சா தெரியும், கப்ஸ்சிடிஎல் கமாண்டுல டீபக் லாகிங் போட்டு ஒரே ஒரு ஜாப் அனுப்பி பாருங்க, ஒவ்வொரு படியையும் வரி வரியா சொல்லும், பார்த்து முடிச்சதும் ஆஃப் பண்ணிடுங்க, லாக் சீக்கிரம் பெருத்துடும். என் ரேட்டிங் 5க்கு 4, அந்த ஒரு மார்க் பேஜ் லாகுக்காக குறைச்சது.

ஸ்டாக் ப்ரோக்ராம் ஸ்கிரிப்ட்ல எல்பிக்கு ஜாப் பேர் குடுக்குற டி (-t) ஆப்ஷன் சேர்த்து ரிப்போர்ட் பேரும் தேதியும் போற மாதிரி மாத்துனேன், அவ லாகின்ல இருந்து எடுத்து "ஸ்டாக்"னு தனி அக்கவுண்ட்ல ஓட விட்டேன். மறுநாள் காலையில மேனேஜரையும் அவளையும் பக்கத்துல உக்கார வெச்சு 412 ஆம் ஜாபோட விவரத்த காட்டுனேன், மெஷின் அட்ரஸ், ராத்திரி 11.40, எல்லாம். மேனேஜர் "மன்னிச்சுக்கோம்மா, நான் விசாரிக்காம கேட்டுட்டேன்"னு எல்லார் முன்னாடியும் சொன்னார். அவ ஸ்க்ரீன்ல இருந்த அந்த வரிய ரெண்டு தடவ படிச்சுட்டு, "இத ஒரு பிரிண்ட் எடுத்துக்குடுங்கண்ணா"ன்னா. எடுத்துக்குடுத்தேன்.