ரசீதில் வெறும் "850 வாட் பவர் சப்ளை" என்று எழுதித் தந்தால் பணம் கொடுக்காதீர்கள்

நீண்ட காலம் உழைக்கும் என்று நம்பி ஓர் உயர்திறன் கேமிங் கணினியை அமைத்துத் தரச் சொல்லி, ஐந்து மாதம் அல்லாடியவன் எழுதுகிறேன். அமைத்துத் தந்தவரின் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் அந்த ஒருவரிடம் மட்டும் கவனமாக இருப்பீர்கள்.

கணினி வந்த நாளில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் விசிறிகள் நிறம் மாற்றி மாற்றி ஒளிர்ந்தன. நான் கேட்ட கிராஃபிக்ஸ் கார்டு, கேட்ட பிராசசர், இரண்டும் அசல்தான். இரண்டாவது வாரம், ஒரு பெரிய விளையாட்டில் நகரத்துக்குள் நுழையும் இடத்தில் திரை பொட்டென்று கறுத்தது. விண்டோஸ் சிக்கினால் வரும் நீலத் திரையும் இல்லை, பிழைச் செய்தியும் இல்லை. பிளக்கைப் பிடுங்கியது போல அணைந்தது. மறுநாளும் அதே இடத்தில்.

விற்றவரிடம் போன் செய்து சொன்னேன். "விண்டோஸ் கெட்டிருக்கும் தம்பி, கொண்டு வாருங்கள்" என்றார். விண்டோஸின் நிகழ்வுப் பதிவில் 41 என்ற எண்ணோடு இருந்த வரியைக் காட்டி, "பார்த்தீர்களா, சிஸ்டம் பிழை" என்றார். எல்லாவற்றையும் அழித்து விண்டோஸை மறுபடி நிறுவினார், அதற்குக் கூலியும் வாங்கினார். அந்த 41-க்கு அர்த்தம், கணினி முறையாக மூடப்படாமல் நின்றுபோனது என்பது மட்டும்தான். மின்சாரம் போனாலும் அதே எண், பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்தாலும் அதே எண். மூச்சு நின்றதால் இறந்தார் என்று மருத்துவர் எழுதித் தருவது போன்றது அது. அப்போது எனக்கு இது தெரியாது. சேமித்து வைத்திருந்த ஆட்டங்கள் எல்லாம் போயின. அணைவது மட்டும் போகவில்லை.

அடுத்த முறை சூடு என்றார், பிராசசரின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்டைத் துடைத்துப் புதிதாகப் பூசினார். அதற்கடுத்த முறை, "உங்கள் வீட்டு மின்சாரம் சரியில்லை" என்று சொல்லி ஒரு யுபிஎஸ்ஸை என் தலையில் கட்டினார். அறை விளக்கு ஒருநாளும் கண் சிமிட்டியதில்லை. பக்கத்தில் மானிட்டர் எரிந்துகொண்டே இருக்கும், கணினி மட்டும் சாகும். அதைப் பார்த்துக்கொண்டே யுபிஎஸ்ஸுக்குப் பணம் கொடுத்த புத்திசாலி நான்.

விடை தற்செயலாகக் கிடைத்தது. ஏதோ காரணத்துக்காக ஃபிரேம் வரம்பை, அதாவது கார்டு நொடிக்கு வரையும் படங்களின் எண்ணிக்கையை, 60 என்று வைத்து விளையாடினேன். அன்று முழுக்க அணையவில்லை. வரம்பை எடுத்தேன், கால் மணி நேரத்தில் அணைந்தது. பிறகு கார்டு எடுக்கும் மின்சாரத்தின் வரம்பை 65 சதவீதத்துக்கு இறக்கிப் பார்த்தேன், ஒரு வாரம் சிக்கலே இல்லை. இத்தனைக்கும், வரம்பு இல்லாத நாட்களிலும் கார்டின் வெப்பம் 70 டிகிரியைத் தாண்டியதில்லை. ஆக, சூடும் இல்லை, விண்டோஸும் இல்லை. கார்டு முழு வயிற்றுக்குச் சாப்பாடு கேட்கும்போதுதான் வீடு திவாலாகிறது.

அந்தச் சாப்பாட்டைப் போடுவது பவர் சப்ளை, சுவர் மின்சாரத்தை மாற்றிக் கணினியின் பாகங்களுக்குக் கொடுக்கும் பெட்டி. அது கேபினட்டின் அடியில் ஒரு தகட்டு மூடிக்குள் ஒளிந்திருக்கும். கண்ணாடி வழியாக எல்லாம் தெரியும், அது மட்டும் தெரியாது. திருகுகளைக் கழற்றி வெளியே எடுத்தேன். அட்டைப்பெட்டியிலும் பக்கவாட்டிலும் "850" என்று பெரிதாக இருந்தது. கீழே உள்ள சிறிய அட்டவணையில் 12 வோல்ட்டுக்கு எதிரே 45 ஆம்பியர் என்று இருந்தது. பெருக்கிப் பாருங்கள், 540 வாட். இன்றைய கணினியில் பிராசசரும் கிராஃபிக்ஸ் கார்டும் 12 வோல்ட் பாதையிலிருந்துதான் உண்கின்றன. நேர்மையான 850 வாட் பவர் சப்ளையில் அந்த இடத்தில் ஏறத்தாழ 70 ஆம்பியர் இருக்கும். என் கார்டு மட்டும் 320 வாட். பிராசசர் முழு வேகத்தில் 200-ஐத் தாண்டும். இதற்கு மேல், கார்டுகள் மைக்ரோ நொடிக் கணக்கில் தம் அளவை மீறி இரண்டு மூன்று மடங்கு வரை உறிஞ்சிவிட்டு அடங்கும் வழக்கமும் உண்டு. பவர் சப்ளைகளுக்காக 2022-இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 விதிமுறை, குறித்த திறனைப் போல இரு மடங்கை 100 மைக்ரோ நொடி தாங்க வேண்டும் என்று கேட்பது இதனால்தான். என்னுடையது தன் பெட்டியில் போட்ட எண்ணையே தாங்காது.

பெட்டியில் பொன்னிறத்தில் "கோல்ட்" என்றும் அச்சடித்திருந்தார்கள். ஆனால் அந்தத் தரத்துக்குச் சான்றான 80 ப்ளஸ் முத்திரை எங்கும் இல்லை. அந்த முத்திரை உண்மையாக இருந்தாலும், சுவரிலிருந்து இழுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு வீணாகாமல் கணினிக்குப் போகிறது என்பதைத்தான் அது சொல்லும். உள்ளே மின்சாரத்தைத் தேக்கும் கெப்பாசிட்டர் எத்தகையது, எத்தனை ஆண்டு உழைக்கும் என்பதைச் சொல்லாது. உற்பத்தியாளர் தரும் உத்தரவாத ஆண்டுகள் இதைவிட நல்ல அறிகுறி. பத்து ஆண்டு தருகிறவர்கள் இருக்கிறார்கள். என்னுடையதற்கு ஓர் ஆண்டு.

சந்தேகம் வந்த பிறகு மற்றவற்றையும் துருவினேன். கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டியின் உடல்நிலைத் தகவலை அதற்கென உள்ள இலவச மென்பொருளில் பார்க்கலாம். அது இயங்கிய நேரம் 11,000 மணி என்று காட்டியது. இரவு பகலாக ஓடினாலும் 458 நாள். நான் கணினி வாங்கி நான்கு மாதம்கூட ஆகவில்லை. யாரோ தேய்த்துப் போட்டதை எனக்குப் புதிது என்று விற்றிருக்கிறார்.

ரேமில் நடந்தது வேறு ரகம். 6000 வேகத்துக்குப் பணம் வாங்கியவர், கணினியின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸில் அதை இயக்கிவிடவில்லை, 4800-இல் ஓடிக்கொண்டிருந்தது. பிராசசருக்குப் போகும் இரண்டு பாதைகளையும் (சேனல்) பயன்படுத்தாமல், இரண்டு ரேம்களையும் ஒரே சேனலின் பக்கத்துப் பக்கத்து இடங்களில் செருகியிருந்தார். ரேமுக்கு நான்கு இடம் உள்ள மதர்போர்டுகள் பெரும்பாலானவற்றில் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவதும் நான்காவதும்தான் சரி. இதை ஏமாற்று என்று சொல்ல மாட்டேன், தொழில் தெரியாமை. ஆனால் அவருடைய திருட்டைவிட இந்தத் தெரியாமைமீது எனக்குக் கோபம் அதிகம் வந்தது, ஏன் என்று தெரியவில்லை.

புதிய பவர் சப்ளை வாங்கினேன். இங்கே ஒரு பெரிய விபத்திலிருந்து நூலிழையில் தப்பினேன். பழைய கேபிள்கள் அழகாகக் கட்டப்பட்டுக் கிடக்க, அவற்றின் முனையைப் புதியதில் செருகினால் போதும் என்று நினைத்தேன். பொருந்தவும் செய்தது. நண்பன் கையைப் பிடித்து நிறுத்தினான். கழற்றக்கூடிய கேபிள்களில் பவர் சப்ளை பக்கத்து முனைக்குப் பொது விதி கிடையாது. ஒரு தயாரிப்பில் 5 வோல்ட் வரும் துளையில் இன்னொன்றில் 12 வோல்ட் வரலாம். எஸ்எஸ்டி போன்ற டிரைவும் மதர்போர்டும் அந்த நொடியே கருகலாம். பெட்டியோடு வந்த கேபிளைத் தவிர வேறெதையும் செருகாதீர்கள். கார்டுக்குப் போகும் புதிய 16 முனை இணைப்பான் இருந்தால், இடைவெளி தெரியாத அளவு முழுதாக அழுத்துங்கள், வாயருகே மடக்காதீர்கள். 2022 முதல் அது உருகிய படங்கள் வந்துகொண்டிருக்கின்றன.

இப்போது கணினி வாங்கும் நண்பர்களிடம் நான் பிடிவாதமாகச் சொல்வது, ஒவ்வொரு பொருளுக்கும் தயாரிப்பாளர் பெயரும் மாடல் எண்ணும் விலைப்பட்டியலிலும் ரசீதிலும் இருக்க வேண்டும் என்பது. "1 டிபி எஸ்எஸ்டி", "850 வாட்" என்று பொதுப்பெயரில் எழுதிய வரிகளில்தான் கை வைப்பார்கள். எல்லாப் பெட்டிகளையும் கேட்டு வாங்குங்கள், வரிசை எண்களைப் படம் எடுங்கள். பழுதுபார்க்கக் கொடுத்தால் அதே பொருள்தான் திரும்புகிறதா என்று ஒப்பிட அது உதவும். பணம் கொடுக்கும் முன், கார்டையும் பிராசசரையும் ஒரே நேரத்தில் முழுச் சுமையில் ஒரு மணி நேரம் ஓடவிடச் சொல்லுங்கள். முகம் சுளித்தால் எழுந்து வந்துவிடுங்கள். அன்றைய வெப்பநிலை எண்களைக் குறித்து வைத்தால், ஆறு மாதம் கழித்து எட்டுப் பத்து டிகிரி ஏறியிருக்கும்போது தூசியா பேஸ்டா என்று தேடத் தோன்றும். தூசி ஊதும்போது விசிறி சுழலாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் படங்களோடு அவரிடம் போனேன். 11,000 மணி நேரத்தைக் காட்டியதும் பேசாமல் எஸ்எஸ்டியை மாற்றித் தந்தார். யுபிஎஸ்ஸைத் திரும்ப எடுக்க மறுத்தார். பவர் சப்ளையைக் கையில் வாங்கி, அட்டவணை இருந்த பக்கத்தை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, "ரசீதைப் பாருங்கள் தம்பி, 850 வாட் என்றுதான் இருக்கிறது. பொருளிலும் 850 என்றுதான் போட்டிருக்கிறது" என்றார். ரசீதைப் பார்த்தேன். அப்படித்தான் இருந்தது.