ஏரி சுற்றும் சைக்கிள் பேக்கேஜ்: முன்பணம் அனுப்பும் முன் படியுங்கள்

புதுச்சேரியில் தொடங்கி வீராணம் வரை ஏரிகளைச் சைக்கிளிலேயே சுற்றிக் காட்டுகிறோம் என்று ஒரு விளம்பரம் உங்கள் போனில் வந்தால், பணம் அனுப்புவதற்கு முன் ஐந்து நிமிடம் ஒதுக்கி இதைப் படித்துவிடுங்கள். ஆளின் பெயரையோ கடையின் பெயரையோ இங்கே எழுதவில்லை. புகார் கொடுத்திருக்கிறோம், அது அதன் வழியில் நடக்கட்டும். இன்ஸ்டாகிராமில் ஒரு பெயரை அழித்துவிட்டு இன்னொன்றைத் திறக்க எவ்வளவு நேரம் ஆகும்? அவர்கள் ஏமாற்றும் முறையைத் தெரிந்துவைத்துக்கொள்வதுதான் உதவும்.

சென்னையிலிருந்து மச்சானும் அக்கா மகளும் பொங்கல் முடிந்து வருவதாக இருந்தார்கள். கடலூர்க்காரனான எனக்கு இந்த ஏரிகளை அவர்களுக்குக் காட்ட வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. அப்படி ஒரு விளம்பரத்தைப் பார்த்து மூன்று பேருக்கும் பணம் கட்டினேன். ஆளுக்கு 6,500 ரூபாய், சைக்கிளுக்கு டெபாசிட் 3,000. கியர் சைக்கிள், ஹெல்மெட், லைட், பின்னாலேயே மெக்கானிக்கோடு வேன், பறவை தெரிந்த வழிகாட்டி, மதியச் சாப்பாடு, ஏரிக்கரையில் பண்ணை வீட்டில் தங்கல், எல்லாம் அடக்கம் என்று வாட்ஸ்அப்பில் எழுத்துபூர்வமாகவே அனுப்பியிருந்தார்கள். பில் கேட்டதற்கு, “ஜிபே ஸ்கிரீன்ஷாட்டே பில்தான் சார்” என்றார்கள். பணம் போய்ச் சேர்ந்தது கடைப் பெயருக்கு இல்லை, ஒரு தனி ஆளின் கணக்குக்கு.

முதல் நாள் குறையே இல்லை. ஊசுடு ஏரியில் பறவைகள் நிறைந்திருந்தன. வழிகாட்டித் தம்பி பொறுமையாக ஒவ்வொன்றாகக் காட்டினான். அங்கிருந்து பாகூர் ஏரி. பெண்ணையாற்றுத் தண்ணீர் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாக இங்கே வந்து சேர்வதை அக்கா மகளுக்குச் சொல்லிக்கொண்டே ஓட்டினேன். இப்போது யோசித்துப் பார்த்தால், அந்த இரண்டு ஏரியும் அவர்கள் கடைக்குப் பக்கத்தில் இருப்பவை. அவர்கள் கண்ணுக்கு எட்டும் தூரத்தைத் தாண்டியதும்தான் சரக்கு வெளியே வந்தது.

கடலூருக்குள் நுழையும்போதே மச்சானின் சைக்கிளில் பிரேக் பிடித்தால் கிறீச் என்று ஒரு சத்தம். வீட்டில் கவிழ்த்துப் போட்டு டார்ச் அடித்துப் பார்த்தோம். பிரேக் கட்டையில் ரப்பரே இல்லை. உள்ளிருந்த தகடு அலுமினிய ரிம்மைச் சுரண்டி, ரிம் ஓரமெல்லாம் வெள்ளிப் பொடி. என் சைக்கிளில் டயரின் நடுப்பகுதி புதுசு மாதிரி கறுப்பாக இருந்தது, பக்கவாட்டிலோ ரப்பர் வெடித்து உள்ளே நூல் தெரிந்தது. புகைப்படம் எடுத்து அனுப்பினோம். “நாளைக்கு வடலூர்ல வேன் நிக்கும், புது டயரோட மெக்கானிக் இருப்பார்” என்று பதில் வந்தது. பிரேக் கட்டையை மட்டும் காலையில் மஞ்சக்குப்பத்தில் எங்கள் செலவிலேயே மாற்றிக்கொண்டு கிளம்பினோம்.

குறிஞ்சிப்பாடிப் பக்கம் பெருமாள் ஏரியைப் பார்த்துவிட்டு வடலூர் போனால் வேன் இல்லை. போன் செய்தால், திருப்பாதிரிப்புலியூர் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டது என்றார்கள். ஒரு மணி நேரம் கழித்து நெய்வேலி ஆர்ச் கேட் என்றார்கள். அப்புறம் போன் சுவிட்ச் ஆஃப். சாப்பாடும் அந்த வேனில்தான் வர வேண்டியது. வள்ளலார் 1867-இல் மூட்டிய அடுப்பு இன்னும் அணையாத ஊர் அது. தருமசாலையில் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டோம். யார், எந்த ஊர் என்று ஒரு கேள்வி இல்லை. காசு வாங்கியவன் போடாத சோற்றை அங்கே சும்மா போட்டார்கள், அதைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை.

அங்கே வைத்துத்தான் வழிகாட்டித் தம்பி வாயைத் திறந்தான். “அண்ணா, எனக்கே போன மாசக் காசு வரலை. வேன்னு சொல்றது அவங்க மாமாவோட வண்டி, வாடகை கிடைச்சா அது போயிடும்” என்றான். விளம்பரத்தில் இருக்கும் பூநாரைக் கூட்டம் பழவேற்காட்டில் எடுத்த படம் என்பதையும் அவனே சொன்னான். நல்ல பையன். கடைசி வரை எங்களை விட்டு நகரவில்லை.

ஊர்ச் சாலைகளிலேயே போகலாம் என்பது பேச்சு. அவர்கள் கொடுத்த மேப் எங்களைத் தஞ்சாவூர் நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவில் இறக்கியது. சேத்தியாத்தோப்பு தாண்டி வீராணம் கரையில் ஏறியதும்தான் மூச்சு வந்தது. பத்தாம் நூற்றாண்டில் பராந்தகன் மகன் இராசாதித்தன் வெட்டிய ஏரி. கீழணையிலிருந்து வடவாறு வழியாக வரும் தண்ணீரில் நிறைகிறது, 2004 முதல் சென்னைக்குக் குழாயில் போவதும் இந்தத் தண்ணீர்தான். “எங்க வீட்டுத் தண்ணியா மாமா இது?” என்று அக்கா மகள் கரையில் நின்றுவிட்டாள்.

அதற்கப்புறம் கொஞ்ச தூரம்தான். என் டயரின் பக்கவாட்டு கிழிந்து டியூப் பிதுங்கி வெடித்தது. கரையோர ஊர் ஒன்றில் பஞ்சர் கடைப் பெரியவர் டியூபைத் தண்ணீரில் முக்கிப் பார்த்து, அரத்தால் தேய்த்து, சொல்யூஷன் தடவி ஒட்டுப் போட்டார். டயருக்கு உட்பக்கம் பழைய டியூப் துண்டு ஒன்றை வைத்துத் தைரியம் கொடுத்தார். ஆனால் காற்று அடிக்க முடியவில்லை. இந்த வகைச் சைக்கிளில் இருப்பது ஒல்லியான பிரெஸ்டா வால்வு. நம் ஊர் சைக்கிளின் வால் டியூப் வால்வும் அது இல்லை, பைக் வால்வும் அது இல்லை. கம்ப்ரசர் வாய் அதில் உட்காராது. பத்துக் காசு பெறாத மாதிரி தெரியும் ஒரு சின்னப் பித்தளை அடாப்டர் இருந்தால் முடிந்தது. அது எங்களுக்குக் கொடுத்த பையில் இல்லை. மாற்று டியூபும் இல்லை, பம்பும் இல்லை. “டவுனுக்குத்தான் தம்பி போகணும்” என்று பெரியவர் வருத்தப்பட்டார், காசு வாங்க மறுத்துவிட்டார்.

அதற்குள் இருட்டிவிட்டது. இந்தப் பதிவை எழுத வைத்தது அந்த அரை மணி நேரம்தான். கரும்பு வெட்டும் பருவம். ஆலைக்குப் போகும் டிராக்டர்கள் இரண்டு பக்கமும் கழி நீட்டிக்கொண்டு, பின்னால் ஒரு சிவப்பு விளக்குகூட இல்லாமல் வருகின்றன. சாலை ஓரத்துக்கு அந்தப் பக்கம் சரிவு. எங்களிடம் இருந்த மூன்று லைட்டில் எரிந்தது ஒன்று. அக்கா மகளை நடுவில் விட்டு, செல்போன் டார்ச்சைப் பின்பக்கம் காட்டியபடி உருட்டிக்கொண்டு நடந்தோம். ஒரு டிராக்டர் கரும்புச் சோகை அவள் தோளில் உரசிப் போனது. எனக்கு அந்த ஆள் மேல் வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. நல்லவேளையாக ஒரு குட்டி யானை வண்டி நின்றது. 1,200 ரூபாய்க்குச் சிதம்பரம் போய்ச் சேர்ந்தோம். பண்ணை வீடு என்றது பஸ் ஸ்டாண்டு பக்கத்து லாட்ஜ், அதற்கும் பணம் கட்டியிருக்கவில்லை.

திரும்பக் கொண்டுபோய்க் கொடுத்தபோது டெபாசிட் கிடையாது என்றார்கள். ஃபிரேமில் கீறலாம், கியர் வளைந்துவிட்டதாம். மச்சான் சைக்கிளை எடுத்த அன்றே சுற்றிச் சுற்றி வீடியோ எடுத்திருந்தான். அதைக் காட்டினால், “அது வேற சைக்கிள் சார்” என்றார் ஒருவர். பெடல் அச்சு போகும் இடத்துக்கு அடியில் ஃபிரேம் நம்பர் குத்தியிருக்கும். அதுவும் வீடியோவில் இருந்தது. சைக்கிளைக் கவிழ்த்து நம்பரை ஒப்பிட்டதும் பேச்சு மாறிவிட்டது. இரண்டு சைக்கிளின் டெபாசிட் அங்கேயே வந்தது. மூன்றாவதைக் கழுவும் கூலி என்று பிடித்துக்கொண்டார்கள்.

ஆகவே வாடகைக்கு எடுக்கிறவர்கள் அந்த நம்பரைப் படம் எடுக்காமல் கடையை விட்டு நகராதீர்கள். சக்கரத்தைச் சுழற்றி, டயரின் பக்கவாட்டை விரலால் தடவிப் பாருங்கள். பிரெஸ்டா வால்வு என்றால் அடாப்டர் கையில் வாங்காமல் கிளம்பாதீர்கள். வேன் உண்டு என்றால் வண்டி நம்பரும் டிரைவர் போன் நம்பரும் முந்தைய நாளே கேளுங்கள். தர மறுத்தால் வேன் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்கனவே மாட்டியவர்கள் ஸ்கிரீன்ஷாட் எதையும் அழிக்க வேண்டாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதில் வழிக்கு வரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கடை புதுச்சேரியில் இருந்தாலும் 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும்.

எங்கள் மனு கடலூரில் இருக்கிறது. வழிகாட்டித் தம்பி அந்த வேலையை விட்டுவிட்டான். தேவைப்பட்டால் வந்து நடந்ததைச் சொல்கிறேன் என்று அவனாகவே போன் செய்து சொன்னான்.