பட்டமரம் பிடிக்கிறது, அந்த வளைவுதான் பிடிக்கவில்லை

குட்டிக் காட்டின் நடைபாதையைச் சரிசெய்துவிட்டார்களாமே, இப்போது போகலாமா என்று கேட்பவர்களுக்காக இது. சுற்றுப்பாதை முக்கால் கிலோமீட்டர்தான். விறுவிறுவென்று நடந்தால் கால் மணி நேரம். நின்று நின்று பார்த்தால் ஒன்றரை மணி நேரம் ஆகும். அப்படிப் பார்க்கத்தான் இந்தக் குட்டிக் காடு.

ஓடையை ஒட்டிய இரண்டாவது வளைவில் நான்கு வருடமாகச் சேறு. இப்போது அதன்மேல் கூழாங்கல்லைக் கொட்டியிருக்கிறார்கள். சேற்றில் கல்லைப் போட்டால் கல் உள்ளே போகும், சேறு மேலே வரும். அதுதான் நடந்திருக்கிறது. அதிலும் உருண்டைக் கல் ஒன்றோடொன்று பிடித்து நிற்காது. மிதித்தால் உருளும், கணுக்கால் பிசகும். போட்டிருக்க வேண்டியது கல்தூள் கலந்த உடைஜல்லி. கூர்முனைகள் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும், தூள் இடுக்கை அடைக்கும், தண்ணீர் தெளித்துத் திமிசுக்கட்டையால் இடித்தால் தரை இறுகிவிடும்.

கல்கூட இரண்டாம் பட்சம். கோளாறு வாட்டத்தில், அதாவது தண்ணீர் வடிய வேண்டிய சாய்வில் இருக்கிறது. சரிவில் வெட்டிய பாதை பள்ளப்பக்கமாகச் சற்றே சாய்ந்திருக்க வேண்டும். 1 மீட்டர் அகலத்துக்கு 5 செ.மீ. இறக்கம் போதும், மழைநீர் குறுக்கே ஓடிப் போய்விடும். இங்கே மிதிபட்டு மிதிபட்டு நடுப்பாதை அமுங்கிவிட்டது. ஒதுங்கிய மண் பள்ளப்பக்க ஓரத்தில் ஒரு சாண் உயரத்துக்கு வரப்பாக எழுந்திருக்கிறது. தண்ணீர் இறங்க வழியில்லை, பாதையே வாய்க்காலாகி வளைவில் வந்து தேங்குகிறது. அந்த வரப்பை மண்வெட்டியால் செதுக்கிவிட்டு, தண்ணீரைப் பள்ளப்பக்கம் திருப்பிவிட வளைவுக்குச் சில அடி மேலே ஒரு கட்டையைப் பாதைக்குக் குறுக்கே சாய்வாகப் புதைத்தாலே தீர்ந்தது. கட்டையின் மேல்பக்கம் படியும் வண்டலை மழைக்கு மழை வழித்துப் போட வேண்டும், இல்லாவிட்டால் அதுவும் வீண்.

சேற்றைக் கண்டதும் எல்லோரும் ஓரமாக ஒதுங்கிப் போகிறார்கள். ஓரமும் சேறாகிறது, அடுத்தவர் அதற்கும் அப்பால் மிதிக்கிறார். 1 மீட்டர் பாதை இன்று 3 மீட்டர். ஓரத்துப் பெரணிகள் போயே போய்விட்டன. தயவுசெய்து ஷூ நனைந்தாலும் நடுவிலேயே நடங்கள்.

மரப்பலகைப் பாலத்தில் நிழலால் பாசி பிடிக்கும். மேலே கோழிவலைக் கம்பி அடித்திருப்பதால் வழுக்குவதில்லை. ஒரு மூலையில் ஆணி விட்டுக் கம்பி தூக்கி நிற்கிறது, பார்த்துக் கால் வையுங்கள்.

வளைவைத் தாண்டியதும் அந்தப் பட்டமரம். வெட்டாமல் விட்டவர்களுக்கு எத்தனை நன்றி சொன்னாலும் தகும். பட்டை பிரிந்து தொங்கும் இடத்தில், கீழே மாவு சலித்தாற்போல மரத்தூள் குவிந்திருக்கும். உள்ளே வண்டின் புழு தின்றுகொண்டிருக்கிறது. அதைத் தேடி மரங்கொத்தி கொத்திய சிராய்கள் வேரடியில் வெள்ளையாகச் சிதறிக் கிடக்கும். அது குடைந்து கைவிட்ட பொந்துகளில், தாமாகக் குடையத் தெரியாத பறவைகள் குடியேறும். விடிந்த முதல் மணி நேரத்தில், வெயில் முதுகில் படும்படி இருபது அடி தள்ளி அசையாமல் நின்றால் பொந்து வாயில் தலை எட்டிப் பார்க்கும். காற்றடிக்கும் நாளில் மட்டும் அதன் கீழே நிற்காதீர்கள், காய்ந்த கிளை சொல்லாமல் விழும்.

அந்த ஒரு மரத்துக்காகவே ஐந்துக்கு ஐந்து கொடுக்கலாம். ஆனால் குழந்தையையோ மூட்டுவலிக்காரரையோ அழைத்துப் போவதாக இருந்தால் இப்போது வேண்டாம். கூழாங்கல்லை அள்ளி, வரப்பைச் செதுக்குகிறவரை ஐந்துக்கு இரண்டுதான்.